மறு: 'வர்ஜின் சாயில் எபிடெமிக்' – பட்டறியாக் கொள்ளைநோய்?

> 'கன்னிநிலக் கொள்ளைநோய்' என்றே வைத்துவிடலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, படித்ததும் புரிகிறது.

வணக்கம் ஐயா.

ஒரு சமூகம் முன்பு கண்டிராத நோய் அதில் புகுந்து பரவுவதைத்தான் ஆங்கிலத்தில் 'வர்ஜின் சாயில் எபிடெமிக்' என்கிறார்கள். அதற்கு நம் அகராதியில் நீங்கள் சொல்லும் 'கன்னிநிலக் கொள்ளைநோய்' பொருந்துகிறது, ஆனாலும் அது வேண்டாம் என்பேன். கன்னிநிலம் என்றால் நமக்கு ஏர் படாத, ஆளில்லாத மண். 1519இல் ஸ்பானியர் பார்த்த டெனோச்டிட்லான் (இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில் இருந்த ஆஸ்டெக் தலைநகர்), ஏரி நடுவே கால்வாயும் சந்தையுமாக இருந்த மாநகரம். மறு ஆண்டே பெரியம்மை புகுந்தது. ஆஸ்டெக் பேரரசர் மொக்டெசுமாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்த குயித்லாவாக் சில மாதம்கூட ஆளாமல் அதிலேயே இறந்தார். கஞ்சி காய்ச்சித் தர எழுந்து நடக்கும் ஆளில்லாமல் பட்டினியாலும் பலர் செத்தார்கள். அந்த ஊரைக் கன்னிநிலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'எதிர்ப்பாற்றலற்ற மக்கள்' என்று தொடங்கும் சொல்லும் வேண்டாம். அது குறையை அவர்கள் உடம்பில் வைக்கிறது. வடக்கு அட்லாண்டிக்கில் பாரோ தீவுகள் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களும் ஐரோப்பியர்தான். 1846இல் தட்டம்மை வந்தபோது ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். 1781இல் அது கண்டிருந்த முதியவர்களுக்கு மட்டும் திரும்ப வரவில்லை என்று டென்மார்க் மருத்துவர் பானும் பதிவு செய்தார். 65 ஆண்டுகள் ஆகியும் உடல் மறக்கவில்லை. ஆக, இங்கே வேறுபாடு இனத்தில் இல்லை. முன்பு பட்டோமா இல்லையா என்பதில் இருக்கிறது.

இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறதே: பட்டறிவு. அதிலிருந்து 'பட்டறியாக் கொள்ளைநோய்'. ஒரு சமூகம் தான் பட்டு அறியாத நோய். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் 'க்' மிகும். அதை விட்டுவிட வேண்டாம். 'பெருந்தொற்று' ஏற்கெனவே பாண்டெமிக்குக்குப் போய்விட்டது, அதைத் தொடாமல் இருப்போம்.

அப்புறம் ஒன்று. சொல்லைவிட விளக்கம்தான் எனக்குக் கவலை. எல்லாச் சாவையும் கிருமியின் கணக்கில் எழுத இந்தச் சொல் வசதி செய்து தரக்கூடாது. கரீபியக் கடலில் உள்ள இஸ்பானியோலா தீவுக்குப் பெரியம்மை வந்தது 1518 இறுதியில். கொலம்பஸ் வந்து 26 ஆண்டு கழித்து! அதற்குள் தங்கச் சுரங்கக் கட்டாய வேலையிலும் பசியிலும் வாளிலும் அத்தீவின் பூர்வகுடிகளான டைனோ மக்களில் மிகப் பெரும்பகுதியினர் அழிந்துவிட்டார்கள். அடிமைப்பட்டு, நிலம் பறிபோய், பசியோடு கிடந்தவர்களை நோய் வந்து அடித்தபோது மீள வழியில்லாமல் போனது.

அகராதிக்கு என் வரைவு:

பட்டறியாக் கொள்ளைநோய்: வாழ்பவரில் ஏறத்தாழ எவரும் முன்பு கண்டிராத நோய் ஒரு சமூகத்தில் புகுந்து, எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் வீழ்த்தும் பரவல். பரவும் விதத்தை மட்டும் குறிக்கும். குடியேற்றத்தால் நேர்ந்த மக்கள் அழிவு முழுவதற்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

கடைசி வரி அகராதிக்கு நீளம் என்றால், சொல்லை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்கிறேன், அந்த வரியை எடுக்காதீர்கள்.

அன்புடன்