ப்ளூ ஸ்கை படம் பார்த்தவர்கள்: அந்தக் கையெழுத்துக் காட்சி உங்களை என்ன செய்தது?

நெய்தல்

பார்த்தவர்களிடம் மட்டும் கேட்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கதை முழுக்க உடைபடும்.

அமெரிக்க ராணுவக்காரன் ஹாங்க்கின் மனைவி கார்லி கையெழுத்துப் போடும் இடம்தான். கணவனை மனநல மருத்துவமனையில் சேர்க்க ஒப்புதல் கொடுக்கிறாள். அதில் அவளைச் சிக்கவைப்பது யார்? அவளோடு உறவு வைத்துக்கொண்ட அதே கமாண்டர் வின்ஸ்.

அக்காவோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்து அறையில் இருந்தார். அந்தக் காட்சி வந்ததும் அக்கா டிவியைப் பார்த்து "போடாதடி, போடாதடி" என்று கத்திவிட்டாள். என்ன சத்தம் என்று அத்தான் வாசலில் வந்து நின்றார். அக்கா சட்டென்று ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, "ஒன்றுமில்லை, ஏதோ படம்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் கறுப்புத் திரையையே பார்த்துவிட்டுப் போனார். மீதிப் படத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். அவர்களுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் வாய் வரவில்லை.

கார்லியை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களால் முடிந்ததா?

குவார்ட்டர்ஸ்காரி

எனக்கு அதற்கு வெகு முன்னாலேயே தொண்டை அடைத்துவிட்டது. ஹவாயில் கடலும் வெயிலுமாக இருந்தவளை அலபாமாவில் ஒரு பாழடைந்த வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அங்கே. அவள் வெறிபிடித்தவள் போல் காரை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

என் கணவரும் ராணுவத்தில்தான். ஒரு போஸ்டிங்கில் குவார்ட்டர்ஸ் பூட்டைத் திறந்து உள்ளே போனால் சமையலறைச் சுவரில் முன்பு இருந்தவர்கள் தங்கள் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவைத்திருந்தார்கள். என் இடுப்பளவுக்குக்கூட வரவில்லை, கோடு நின்றுவிட்டது. அவர்களுக்கும் மாற்றல் வந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் கையில் சாமான் பட்டியலை வைத்துக்கொண்டு, கட்டில் இரண்டு, நாற்காலி நான்கு என்று சரிபார்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். கெட்டவர் இல்லை. பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் படத்தில் ஹாங்க் அவள் பின்னாலேயே போய், திட்டாமல் கூட்டிக்கொண்டு வருவான். ஹாங்க்காக நடித்த டாமி லீ ஜோன்ஸ் முகத்தில் கோபமே இருக்காது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

பழைய ரீல்

நெய்தல், மன்னிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹாங்க்கை ஏன் அடைத்தார்கள் என்பதை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் பார்த்தால் எப்படி?

கதை நடப்பது 1962-இல். அவன் கதிர்வீச்சை அளக்கிற ராணுவப் பொறியாளன். நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடக்கும்போது அந்த எல்லைக்குள் இரண்டு மாட்டுக்காரர்கள் இருப்பதைப் பார்த்துவிடுகிறான். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. அதை வெளியே சொல்லிவிடுவான் என்றுதான் அவனைப் பைத்தியமாக்குகிறார்கள். இது வெறும் கற்பனைப் பயமில்லை. நெவாடாவில் 1951-இலிருந்து குண்டு வெடித்துப் பார்த்தார்கள். 1963-இல் வந்த அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடியில் சோதனை செய்வதைத்தான் தடுத்தது, நிலத்தடியைத் தொடவில்லை. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு தர அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1990-இல்.

எங்கள் திரைப்படக் குழுவில் போட்டபோது அந்த மாட்டுக்காரர்கள் காட்சியில் ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தார். யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் எதை நினைத்து எழுந்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இன்னொன்று: இயக்குநர் டோனி ரிச்சர்ட்சன் 1991-இல் இறந்துவிட்டார். தயாரித்த ஓரியன் நிறுவனம் திவாலாகி, படம் பெட்டிக்குள் கிடந்து 1994-இல்தான் வெளிவந்தது. தன் கடைசிப் படம் திரைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

கடைசி வரிசை

என் கதை சின்னது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், கணவரின் அலுவலகத்தில் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருந்தது என்று அப்புறம் என்னிடம் வந்து கேட்டார். பிரதி கையில் இல்லை. என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அதனால் இங்கே படிக்கிற பெண்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கணவரின் மேலதிகாரி கொண்டுவரும் தாளில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "அவர் நல்லதுக்குத்தான்" என்று சொன்னால் இன்னும் நிதானமாகப் படியுங்கள். பிரதி கேளுங்கள். தர மாட்டேன் என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். மனநலம் சம்பந்தப்பட்டது என்றால் அந்த அமைப்போடு தொடர்பில்லாத வேறொரு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எத்தனை நாள் சேர்க்கை, என்ன மருந்து, யார் போய்ப் பார்க்கலாம், ஒப்புதலைத் திரும்பப் பெற முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பக்கத்தில் பேச ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பியோ மைத்துனரோ யாரானாலும் சரி. தனியாக இருக்கும்போதுதான் அவசரப்படுத்துவார்கள். கார்லிக்கு அந்த முகாமில் சொந்த மனிதர் என்று ஒருவருமில்லை, அதைக் கவனித்தீர்களா?

குவார்ட்டர்ஸ்காரி

கடைசி வரிசை, நான் வீட்டைப் பற்றித்தான் எழுதினேன், ஆலோசனை கேட்கவில்லை. ஆனாலும் கடைசி வரி சரி. முகாமில் நமக்குத் தோழிகள் உண்டு, ஆனால் அவர்கள் கணவர்களுக்கும் அதே மேலதிகாரிதான். எதைச் சொன்னாலும் எங்கே போய்ச் சேரும் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

நெய்தல், ஏமாந்தோம் என்று தெரிந்ததும் அவள் குதிரையேறிச் சோதனைத் தளத்துக்குள்ளேயே போகிறாளே! ஊரையே பேசவைத்துக் கணவனை வெளியே கொண்டுவருகிறாள். மன்னிக்க அது போதாதா?

மூத்த மகள்

எல்லோரும் கார்லி, ஹாங்க் என்றே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். கதையை எழுதிய ராமா லாரி ஸ்டாக்னர் தன் பெற்றோரின் வாழ்க்கையிலிருந்துதான் எடுத்தார். அதாவது இது ஒரு மகள் பார்த்த கல்யாணம்.

எங்கள் அப்பா விமானப்படை. மெஸ் விருந்தில் அம்மா கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் மேசையில் இருக்கிற எல்லோரும் அப்பாவைப் பார்ப்பார்கள். அப்பா தம்ளரை ஒரு விரல் தள்ளி வைப்பார். வேறெதுவும் செய்ய மாட்டார். அந்தத் தம்ளர் நகர்ந்தால் வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். படத்தில் கார்லி கமாண்டரோடு ஆடும்போது எல்லோரும் கார்லியாக நடித்த ஜெசிகா லாங்கைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்கர் வாங்கிய நடிப்பு, பார்க்கத்தான் வேண்டும். நான் ஹாங்க்கின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸ்காரி, ஹாங்க் நல்லவன்தான். ஆனால் அவன் பொறுத்துப் போவதைப் பிள்ளைகளும் சேர்ந்து பொறுக்க வேண்டியிருக்கிறது. அம்மா காரை எடுத்துக்கொண்டு ஓடினால் அப்பா தேடிப் போகிறார், சரி. அதுவரை அந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் இல்லாத புது ஊரில்தானே நிற்க வேண்டும்?

நெய்தல்

மூத்த மகள், பிள்ளைகள் பக்கம் நான் யோசிக்கவேயில்லை, இன்னொரு முறை பார்க்கிறேன். குதிரை விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. மருந்து கொடுத்து மரக்கட்டையாக்கி வைத்திருந்த மனிதர் அவர். வெளியே வந்தபிறகு கார்லிதான் அவரோடு வாழப்போகிறாள். அவரிடம் அவள் என்ன சொன்னாள் என்று படத்தில் இன்னும் நீளமாக வந்திருக்க வேண்டும்.