பறக்கும் பறவையைப் படம் பிடிக்கக் காற்றைப் பாருங்கள்

பறக்கும் பறவையை எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், எதிர்த்துத்தான் இறங்கும். காற்றும் வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருந்தால், பறவை நம்மை நோக்கி வரும். முகத்தில் வெளிச்சமும் விழும். காற்று நம் முகத்தில் அடிக்கிற நாளில் வால்தான் மிஞ்சும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை ஏரிக்கரை ஆலாக்கள் (டெர்ன் பறவைகள்). மீன் தேடும் ஆலா காற்றை எதிர்த்து மெதுவாக, அலகைக் கீழே தாழ்த்தித் தண்ணீரைப் பார்த்தபடி வரும். கரையின் கோடி வரை போனதும் திரும்பி, காற்று தள்ள சர்ரென்று பறந்து, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். மறுபடி அதே பாதை. அதைத் துரத்தி அலைய வேண்டியதில்லை, ஒரே இடத்தில் நின்றால் போதும். மீனைக் கண்டதும் வாலை விரித்துக்கொண்டு அந்தரத்தில் நின்று சிறகடிக்கும். ஃபோகஸைப் பதிக்க அதுதான் நேரம். அப்புறம் சிறகை மடக்கித் தலைகீழாக விழும்.

தண்ணீரில் விழுந்ததும் பலர் ஷட்டரிலிருந்து விரலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். மேலே எழுந்து கொஞ்ச தூரம் போனதும், பறந்துகொண்டே உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி உதறும். துளிகள் சுற்றிலும் தெறிக்கும், அலகில் மீன் மின்னும். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் அந்த உதறலில் கிடைத்தவைதான்.

செட்டிங் பற்றியும் கேட்பீர்கள். ஆலா, தகைவிலான் மாதிரி வேகமானவற்றுக்கு ஷட்டர் வேகத்தை 1/3200 நொடி வைப்பேன். கொக்கு, நாரைக்கு 1/1600 போதும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறிப் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருகிறதே என்று ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். இரைச்சலை மென்பொருளில் குறைக்கலாம், கலங்கிய சிறகை ஒன்றும் செய்ய முடியாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கேமராவிடம் விடாமல் மேனுவலில் நானே வைப்பேன். வெள்ளைப் பறவை வானத்திலிருந்து மர நிழலின் முன்னால் வந்தாலும் அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர்தான் பின்னணியைப் பார்த்து ஏமாறும். ஃபோகஸ், பறவை நகர நகரக் கூடவே மாறும் தொடர் முறையில் இருக்கட்டும். லென்ஸில் லிமிட்டர் (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்) இருந்தால் கிட்டத்துத் தூரத்தை அடைத்துவிடுங்கள், ஃபோகஸ் கோடிக்குக் கோடி அலையாது.

ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் காட்டுவது சுமார் 4 டிகிரிதான். பறவை அதற்குள் அகப்படாமல் போவது சகஜம். ஜூம் லென்ஸ் என்றால் 200 மி.மீ.-இல் பறவையைப் பிடித்து, பிறகு நீட்டுங்கள். வியூஃபைண்டரில் வைக்காத இன்னொரு கண்ணையும் திறந்தே வைத்திருங்கள், பழக ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும்.

மரத்தில் உட்கார்ந்திருக்கும் பருந்துக்கு வேறு கதை. கிளம்புவதற்குச் சற்று முன் அது அடிக்கடி எச்சமிடும், உடம்பை முன்னால் சாய்க்கும். அதைக் கண்டதும் விரல் தயாராக வேண்டும். சிலர் கல்லெறிந்தும் கைதட்டியும் பறக்கவிடுகிறார்கள். அவர்களோடு நான் போவதில்லை. விரட்டப்பட்ட பறவை எப்படியும் முதுகைத்தான் காட்டிக்கொண்டு போகும்.

வெயில் ஏறிய பிறகு தூரத்துப் பறவைக்கு ஆசைப்படாதீர்கள். தரையிலிருந்து எழும் அனல் எவ்வளவு விலையுள்ள லென்ஸையும் மங்கலாக்கிவிடும். அந்த நேரத்தில் நான் பஞ்சுருட்டான் என்ற பூச்சி தின்னும் பறவை உட்காரும் கிளைக்குப் பக்கத்தில் போய்விடுவேன். பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கிளைக்குத்தான் திரும்பும்.