பட்டியலில் ‘இல்லை’, ஆனால் கையில் இருக்கிறது: மின்னிதழ் இருப்பு பற்றிய அனுபவங்கள்

மின்வளப் பிரிவு நூலகர்:

மின்னிதழ் இருப்புப் பட்டியலில் தவறு இரண்டு விதமாக வரும். நம்மிடம் இல்லாத ஆண்டுகளை இருப்பதாகக் காட்டும். அல்லது இருப்பதை இல்லை என்று காட்டும். முதல் வகை சீக்கிரம் தெரிந்துவிடும். இணைப்பைச் சொடுக்கியவர் பணம் கேட்கும் பக்கத்தில் போய் நிற்பார், கொஞ்ச நேரத்தில் நமக்கு மின்னஞ்சல் வரும். என்னை உறுத்துவது இரண்டாவது வகைதான். ‘இல்லை’ என்று பார்த்தவர் பேசாமல் போய்விடுவார். யார் புகார் செய்யப்போகிறார்கள்? சந்தா கட்டிய இதழ் யார் கண்ணிலும் படாமலே கிடக்கும். அப்புறம் ரெனியூவல் சமயத்தில் ‘பயன்பாடு குறைவு’ என்று சொல்லி அதையே நிறுத்தப் பார்ப்பார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1970-களில் வந்த இதயநோய்க் கட்டுரை ஒன்றை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும்படி ஓர் ஆராய்ச்சி மாணவி விண்ணப்பித்திருந்தார். இதழின் பெயர் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல். எங்கள் தேடலில் அந்தப் பெயருக்கு ஒன்றும் வரவில்லை. ‘ஹார்ட்’ என்று தேடினால் வந்தது, ஆனால் 1996 முதல்தான். 1939-ல் தொடங்கிய அந்த இதழ் 1996-ல் தன் பெயரை ‘ஹார்ட்’ என்று சுருக்கிக்கொண்டது. பெயர் இந்த அளவுக்கு மாறினால் இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணும் மாறிவிடும். நாங்கள் பயன்படுத்திய அறிவுத்தளத்தில், அதாவது எந்த இதழ் எந்தத் தளத்தில் எந்த ஆண்டு முதல் கிடைக்கும் என்று பல நூலகங்களுக்கும் பொதுவாகச் சொல்லும் தரவுத்தளத்தில், புதுப் பெயருக்கு ஒரு வரி இருந்தது, பழைய பெயருக்கு வரியே இல்லை. உரிமப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், பழைய இதழ்களையும் சேர்த்தேதான் வாங்கியிருக்கிறோம். தளத்துக்குப் போனால் மாணவி கேட்ட கட்டுரை தடையில்லாமல் திறக்கிறது. அவர் கைக்கு அது போய்ச் சேர்வதற்குக் குறுக்கே நின்றது பட்டியலில் இல்லாத ஒரு வரி மட்டும்தான்.

பழைய மேற்கோள்களில் பழைய பெயர்தான் இருக்கும், யாரும் போய் அதை மாற்றப் போவதில்லை. இதற்காகவே அமெரிக்காவின் தகவல் தரநிலை அமைப்பான நைசோ 2013-ல் பை-ஜே (PIE-J) என்ற பரிந்துரையை வெளியிட்டது. கட்டுரை வெளிவந்த காலத்தில் இதழுக்கு என்ன பெயரோ, என்ன எண்ணோ, அதையே தளத்தில் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாத் தளங்களும் இன்னும் அப்படிச் செய்வதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ‘நம்மிடமே இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பப்படும் வரவழைப்பு விண்ணப்பங்களைத் தனிக் கோப்பில் போட்டுவைப்போம். பட்டியலில் ஓட்டை எங்கே என்று அந்தக் கோப்பே காட்டிக்கொடுக்கும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கல்லூரி நூலகத் தரவுப் பணியாளர்:

மேடம், நீங்கள் சொன்னது காணாமல் போன வரி. எங்களிடம் வரி இருந்தது, எண்தான் உடைந்து போயிருந்தது. நேச்சர் இதழின் அச்சு எண் 0028-0836. எங்களுக்கு வந்த ஒரு பட்டியலில் இடைக்கோடு இல்லாமல் 00280836 என்று இருந்தது. எக்செல்லில் திறந்ததுமே அது 280836 ஆகிவிட்டது. சேமித்து ஏற்றினால் எந்த மேற்கோளோடும் அது பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது, இதழ் பேசாமல் மறைந்துவிடும். இன்னொரு பட்டியலில் ‘3-4’ என்ற கூட்டு இதழ் எண் தேதியாக மாறியிருந்தது.

இப்போது ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்கிறோம். கணக்கு எளிது. முதல் ஏழு இலக்கங்களை 8, 7, 6 என்று இறங்கி 2 வரை பெருக்கிக் கூட்ட வேண்டும். நேச்சருக்குப் பூஜ்யங்களை விட்டால் 12, 40, 24, 6, ஆக மொத்தம் 82. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. 11-இலிருந்து 5 போனால் 6, அதுதான் கடைசி இலக்கம். இந்தக் கழித்தலில் 10 வந்தால் எக்ஸ் போடுவார்கள், மீதியே வராவிட்டால் 0. ஒரு சின்ன நிரல் இதைப் பார்த்துக்கொள்கிறது. பதிப்பகங்கள் இதழ்ப் பட்டியலை அனுப்பும் பொது வடிவமான கேபார்ட் (KBART) கோப்பு வெறும் டேப் பிரித்த உரைக்கோப்புதான். எல்லாப் பத்திகளையும் ‘உரை’ என்று சொல்லி இறக்குமதி செய்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போகாது. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

ஆய்வு நிறுவன நூலகர்:

தடைக்காலம் பற்றி, அதாவது புதிய இதழ்கள் குறிப்பிட்ட காலம் வரை திறக்காமல் இருப்பது பற்றி, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். கேபார்ட் கோப்பில் பி1ஒய் (P1Y) என்றும் பி12எம் (P12M) என்றும் இரண்டு குறியீடு வரும். இரண்டும் ஒரு வருடம்தானே என்று தோன்றும். ஒன்று அல்ல. ஒய் என்றால் நாட்காட்டி ஆண்டு. ஜனவரி 1 அன்று ஒரு முழு ஆண்டின் இதழ்கள் மொத்தமாகத் திறக்கும். எம் என்றால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். 2024 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பி1ஒய் இருந்தால் 2023 முழுவதும் படிக்கலாம். பி12எம் இருந்தால் 2023-ன் தொடக்கத்தோடு நின்றுவிடும். எங்கள் ஒப்பந்தத்தில் முதலாவது, பட்டியலில் இரண்டாவது. ஏறக்குறைய ஒரு வருட இதழ்கள் உரிமை இருந்தும் மறைந்து கிடந்தன. டிசம்பரில் சோதித்தால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, ஜனவரியில்தான் பளிச்சென்று தெரியும். அதனால் தடைக்காலச் சோதனையை ஜனவரிக்குத் தள்ளிவைத்துவிட்டோம்.

குறியீடு பி-க்குப் பதில் ஆர் (R) என்று தொடங்கினால் நேர் எதிர்: அண்மைய இதழ்கள் மட்டும் திறக்கும், பழையவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். அதையும் கவனியுங்கள்.

மருத்துவ நூலகர்:

எங்களுக்கு வந்த தொல்லை இதழ் கைமாறியதால். ஒரு பதிப்பகத்திடமிருந்து இன்னொரு பதிப்பகத்துக்கு இதழ் போனது. பழையவர் தன் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டார். புதியவரின் தொகுப்புக்கு நாங்கள் சந்தாதாரர் இல்லை. ஆக, இரண்டு பட்டியலிலும் எங்களுக்கு அது இல்லை. ஆனால் பல ஆண்டுகள் பணம் கட்டி நிரந்தர உரிமையோடு வாங்கிய பழைய இதழ்கள் எங்களுடையவைதானே? இந்த மாதிரிச் சிக்கலுக்காகவே, நூலகர்களும் பதிப்பகத்தாரும் சேர்ந்த பிரிட்டிஷ் அமைப்பான யூகேஎஸ்ஜி ‘டிரான்ஸ்ஃபர்’ நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. இப்போது அது நைசோவின் பொறுப்பில் இருக்கிறது. நிரந்தர உரிமை உள்ள சந்தாதாரர்களுக்கு இதழ் கைமாறிய பின்னும் அந்த உரிமை தொடர வேண்டும் என்பது அதில் முக்கியமான ஒன்று. அதைச் சுட்டிக்காட்டி எழுதினோம், ஆதாரம் கேட்டார்கள். பழைய விலைப்பட்டியல்கள் கையில் இருந்ததால் காரியம் நடந்தது.

எந்த இதழுக்கு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நிரந்தர உரிமை என்று தனியாக ஒரு பதிவேடு எழுதி வருகிறேன். பதிப்பகம் அனுப்பும் பட்டியல் இன்றைக்கு விற்பனையில் இருப்பதைச் சொல்லும். நேற்று நாம் வாங்கியதை அது சொல்லாது.

மின்வளப் பிரிவு நூலகர்:

எல்லோருக்கும் நன்றி. பதிவேடு யோசனையை நாங்களும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆயிரக்கணக்கான தலைப்புகளை எப்படிச் சோதிப்பது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது, வேண்டியதும் இல்லை. நான் மூன்று இடங்களிலிருந்து தொடங்குவேன். அண்மையில் பெயர் மாறிய இதழ்கள், பதிப்பகம் மாறிய இதழ்கள், பணம் கட்டியும் பயன்பாடு பூஜ்யமாக இருக்கும் இதழ்கள். ஒவ்வொன்றிலும் பட்டியல் சொல்லும் முதல் இதழையும் கடைசி இதழையும் வளாகத்துக்கு வெளியே இருந்து திறந்து பாருங்கள். பட்டியல் சொல்வதற்கு முந்தைய ஆண்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. இருந்தும் இல்லாததாகக் கிடப்பவை அங்கேதான் அகப்படும். பதிப்பகங்கள் தரும் பயன்பாட்டுக் கணக்கான கவுண்ட்டர் (COUNTER) அறிக்கையில், ‘உரிமம் இல்லை’ என்று வாசகர்கள் திருப்பி அனுப்பப்பட்ட கணக்கும் வரும். நாம் பணம் கட்டிய இதழ் அதில் இருந்தால் பதிப்பகத்தின் பக்கத்தில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்; உடனே கேளுங்கள்.

இன்னொன்று. தவறு கிடைத்ததும் நம் அமைப்பில் மட்டும் திருத்திவிட்டு நிற்காதீர்கள். உள்ளூர்த் திருத்தம் ஏன் செய்யப்பட்டது என்று இரண்டு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. அறிவுத்தளத்தின் மூல வரி சரியானால் அதைப் பயன்படுத்தும் அத்தனை நூலகங்களுக்கும் சேர்த்துச் சரியாகும். திருத்தம் கேட்டு எழுதும்போது அச்சு எண், மின் எண், நாம் பார்த்த முதல் இதழின் இணைப்பு, அந்தப் பக்கத்தின் படம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். பழைய பெயருக்கு வரி கேட்பதாக இருந்தால் அந்தப் பெயர் எந்த ஆண்டோடு முடிந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.