உதவி: சைவ அம்மாவோடு டிசம்பரில் வஹாக்கா (மெக்சிகோ)

மதுமிதா:
டிசம்பர் 21 முதல் 26 வரை வஹாக்கா போகிறோம். கூட அம்மாவும் வருகிறார். சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. முழங்கால் வலி வேறு. சோகலோ சதுக்கத்தை ஒட்டி ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை. அங்கேயே தங்கலாமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? மலைமேல் உள்ள பழைய நகரச் சிதைவான மான்டே அல்பானில் படி ஏறாமல் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

தெருச்சுற்றி:
பொறுங்கள், கட்டாதீர்கள். 23ஆம் தேதி சோகலோவில் ‘முள்ளங்கி இரவு’. 1897இலிருந்து நடக்கும் போட்டி. இதற்கென்றே வளர்த்த முள்ளங்கிகளைச் செதுக்கி ஏசு பிறப்பு, ஊர்க் கல்யாணம் என்று காட்சி காட்சியாக வைப்பார்கள். அவசியம் பாருங்கள், ஆனால் அதன் தலைமாட்டில் தூங்க நினைக்காதீர்கள். எல்லோரும் ஹலாட்லாக்கோ பேட்டையைச் சொல்வார்கள். அழகுதான், ஆனால் கல் பாவிய தெரு, முழங்காலுக்கு ஆகாது. சான்டோ டொமிங்கோ தேவாலயத்தின் பக்கம் பாருங்கள். அங்கிருந்து சோகலோ வரை வண்டி ஓடாத அல்கலா தெருவிலேயே நடந்து வந்துவிடலாம். பழைய வீடுகளில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது, அதனால் தரைத்தள அறையாகக் கேளுங்கள்.

கற்பகம்:
நானும் சைவம். இந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும் கறியைவிடத் தெரியாத கொழுப்புதான் தொல்லை. த்லாயுதா என்று தாம்பாளம் அகலத்துக்கு ஒரு மொறுமொறு சோள ரொட்டி. மேலே பீன்ஸும் சீஸும்தானே என்று வாங்கிவிடாதீர்கள். முதலில் தடவுவதே ஆசியெந்தோ, அதாவது பன்றிக்கொழுப்பு. பீன்ஸைத் தாளிப்பதும் பல இடங்களில் அதில்தான். சுடுவதற்கு முன்பே ‘சின் ஆசியெந்தோ, சின் மன்டேக்கா’ (ஆசியெந்தோ வேண்டாம், பன்றிக்கொழுப்பு வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். பீன்ஸ் ஏற்கெனவே கொழுப்பில் தாளித்ததாக இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

கறுப்பு மோலே என்ற குழம்பைக் கறி இல்லாமல் ஊற்றித் தந்தாலும் உள்ளே கோழிச்சாறு இருக்கலாம். அதைச் சைவ உணவகத்தில் மட்டும் சாப்பிடுங்கள். கேசில்யோ சீஸ் பிரமாதம், ஆனால் ரென்னெட் (பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது) பார்ப்பவர் என்றால் விட்டுவிடுங்கள். காலையில் சாக்லேட்டோடு தரும் பான் தெ யேமா ரொட்டியில் முட்டை மஞ்சள்கரு உண்டு. சாக்லேட்டைத் தண்ணீரில் ஆற்றித் தரச் சொல்லி அதை மட்டும் குடிக்கலாம். ‘20 தெ நோவியெம்ப்ரே’ சந்தையில் இறைச்சி சுடும் புகைச்சந்து பக்கம் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். அந்த வாடை சேலையை விட்டுப் போகாது!

மதுமிதா:
ரொம்ப நன்றி அக்கா, ரொட்டி விஷயம் தெரியவே தெரியாது. மான்டே அல்பான்?

தெருச்சுற்றி:
தாராளமாகப் போகலாம். நுழைவாயிலிலிருந்து கொஞ்சம் ஏற்றம், அப்புறம் பெரிய சமதளத் திடல். மேடைகளில் ஏறாமலே ‘நடனக்காரர்’ கற்களைப் பார்க்கலாம். பெயர்தான் அப்படி. கண் மூடி, கைகால் கோணி நிற்கும் அவர்கள் கொல்லப்பட்ட கைதிகள் என்றுதான் இப்போது ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். நிழல் கிடையாது, திறந்தவுடன் போய்விடுங்கள். அங்கே 7ஆம் கல்லறையில் 1932இல் அல்ஃபோன்சோ காசோ கண்டெடுத்த தங்கமும் டர்க்காய்ஸ் கல் பதித்த மண்டையோடும் சான்டோ டொமிங்கோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திங்கள் விடுமுறை.

இன்னொரு நாள் டாக்சி பேசிக்கொண்டு துலே என்ற ஊரில் உள்ள பிரம்மாண்டமான மரம், மித்லா என்ற பழைய கட்டடச் சிதைவு இரண்டையும் பார்த்துவிடுங்கள். மரத்தின் அடிச்சுற்று சுமார் 42 மீட்டர். மித்லாவில் சாந்து இல்லாமல் கல்லைக் கல்லோடு கோத்த சுவர்க்கோலம் அம்மாவுக்குப் பிடிக்கும். கல்லாய் உறைந்த அருவி போல இருக்கும் ஹியெர்வே எல் அகுவாவுக்கும் சேர்த்து அழைத்துப் போகிறேன் என்று ஓட்டுநர் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். மலைப்பாதை, அங்கேயும் இறங்கி ஏற வேண்டும்.