கற்களைப் பிரித்து அடுக்கியபின் அடங்கிய சிக்லிட் சண்டை

கிளிநொச்சியிலிருந்து:

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் குடும்பத்து அலங்கார மீன்களை வளர்க்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டிலேயே ஆறு மீன்களைச் சண்டையில் இழந்தேன். இந்த மீன்களின் குணமே அப்படித்தான் என்று பலர் கைவிட்டுவிடுவதால், எனக்கு நேர்ந்ததையும் பிறகு நான் மாற்றியதையும் விரிவாக எழுதுகிறேன்.

என் தொட்டி 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்டது. கல்லும் மணலும் போக 200 லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும். எங்கள் கிணற்று நீர் கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் அளவுக்குக் கடினமானது. மலாவி மீன்களும் கடினமான, காரத்தன்மையுள்ள நீருக்குரியவை என்பதால், மஞ்சள் உடலில் கருங்கோடு ஓடும் ஔராட்டஸ் குஞ்சுகள் எட்டை வாங்கினேன். அவற்றின் குணத்தைப் பற்றிக் கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில மாதங்களில் அவற்றுள் ஒன்றின் மஞ்சள் மங்கி, உடல் முழுவதும் கருமை ஏறியது. ஔராட்டஸ் ஆண் ஆதிக்கம் பெறும்போது இப்படித்தான் நிறம் மாறும் என்பதைப் பின்னரே அறிந்தேன். தொட்டியின் நடுவே நான் அழகுக்காகக் குவித்திருந்த ஒற்றைக் கற்குவியலின் உச்சியில் அது நின்றது. அங்கிருந்து நான்கு மூலைகளும் அதன் கண்ணுக்குத் தெரிந்தன. மற்றவை வடிகட்டிக் குழாயின் பின்னால், நீரின் மேற்பரப்பை ஒட்டி, கிழிந்த செட்டைகளுடன் ஒதுங்கி நின்றன. ஒரு மீன் மேல் மூலையில் இப்படி அசையாமல் நிற்பதைக் கண்டால், அதற்குக் கீழே இடமில்லை என்று பொருள்; அதைப் பார்த்தும் நான் காத்திருந்ததுதான் தவறு.

எனக்கு வழி காட்டியது எங்கள் ஊர்க்குளம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் சிக்லிட் குடும்பத்து மீன்தான். அதன் ஆண் கரையோர ஆழமற்ற நீரில் வட்டக் குழி தோண்டிக் காவல் நிற்கும். பெண் வந்து முட்டையிட்டு, அவற்றை வாயில் ஏந்திக்கொண்டு விலகிவிடும். ஆவணி வெயிலில் குளம் வற்றியபோது அந்தக் குழிகள் சேற்றில் வரிசையாகத் தெரிந்தன. வெறுந்தரையில் இருந்தவை ஒன்றிலிருந்து ஒன்று விலகியிருந்தன. ஆனால் பட்ட மரக்கட்டை ஒன்று கிடந்த இடத்தில், அதன் இரு பக்கங்களிலும் இரண்டு குழிகள் மிக நெருங்கியிருந்தன. அயல் ஆணைக் காணாதவரை அந்த மீனுக்கு விரட்டவேண்டிய தேவை எழவில்லை என்று எனக்குப் பட்டது.

அன்று மாலையே தொட்டியில் இருந்த கற்கள் அனைத்தையும் வெளியே எடுத்து, ஒரு குவியலை மூன்றாகப் பிரித்தேன். இடப்பக்கத்துக் குவியலும் வலப்பக்கத்துக் குவியலும் நீர்மட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழ்வரை உயர்ந்தன. நடுவில் இருந்தது தாழ்ந்து, முன்கண்ணாடியை நோக்கிச் சற்றுத் தள்ளி நின்றது. தொட்டியின் பக்கக் கண்ணாடி வழியாக நீளவாக்கில் பார்த்து, எதிர்ப்பக்கக் கண்ணாடி எந்த உயரத்திலாவது தெரிகிறதா என்று சோதித்தேன். எனக்குத் தெரிந்தால் மீனுக்கும் தெரியும். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாசல்கள் இருக்கவேண்டும் என்பதையும் வற்புறுத்திச் சொல்வேன். ஒரு வாசல் மட்டும் உள்ள பொந்தில் ஒளியும் மீன், துரத்தி வரும் மீனிடம் அகப்பட்டுக்கொள்கிறது. ஒரு துளையில் ரோச் வெளிச்சத்தைக் காட்டி, மறுதுளையில் அது தெரிந்தபிறகே அடுத்த கல்லை வைத்தேன். பொந்துகளின் எண்ணிக்கை மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருந்தது.

மிஞ்சியிருந்த அந்த ஆணோடும் ஒரு பெண்ணோடும், வேறொரு வளர்ப்பாளரிடம் வாங்கிய ஐந்து பெண் மீன்களை இரவில் விளக்கை அணைத்தபின் விட்டேன். கற்கள் மாறியிருந்ததால் அந்த ஆணுக்கும் அது புதிய இடமாகவே இருந்தது. அது இப்போதும் துரத்துகிறது. ஆனால் இடப்பக்கக் குவியலைத் தாண்டுவதற்குள் திரும்பிவிடுகிறது. அதன்பிறகு சண்டையில் ஒரு மீனும் சாகவில்லை.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணா கற்களைப் பற்றி எழுதியதோடு செடிகளைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். என்னிடம் இருப்பது நடு அமெரிக்காவைச் சேர்ந்த கொன்விக்ட் சிக்லிட் இணை ஒன்று. உடைந்த பூச்சட்டிக்குள் முட்டையிட்டுவிட்டால், ஆணும் பெண்ணும் சேர்ந்தே மற்ற மீன்களைத் தாக்கும். முதல் தடவை சட்டியின் வாய் தொட்டியின் மறைப்பில்லாத பகுதியைப் பார்த்திருந்ததால், மூன்றடித் தொட்டி முழுவதும் அவற்றின் காவலுக்குள் வந்துவிட்டது. அடுத்த முட்டைக்கு முன் சட்டியை மூலைக்கு நகர்த்தி, வாயைப் பின்சுவரின் பக்கம் திருப்பி, முன்னால் செடி வைத்தேன். காவல் ஓரடிக்குள் சுருங்கியது.

மணலில் நட்ட வலிஸ்னேரியா என்னும் நீள்இலை நீர்ச்செடியை அவை இரண்டே நாளில் பிடுங்கிப்போட்டன. நிலைத்தவை அனூபியாஸும் ஜாவா பன்னமும்தான், ஏனெனில் இரண்டின் இலைகளும் தடிப்பானவை, இரண்டையும் மணலில் புதைக்கத் தேவையில்லை. கிடைத்தண்டைப் பருத்தி நூலால் கல்லோடு கட்டிவிட்டால், நூல் இற்றுப்போவதற்குள் வேர் கல்லைப் பற்றிக்கொள்ளும். கிடைத்தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். குளத்துப் பாசியை மிதக்கவிடுவதும் உதவுகிறது, அதன் நிழலில் சிறு மீன்கள் தங்குகின்றன. ஆனால் அட்டையும் நத்தையும் கூடவே வரக்கூடுமென்பதால், இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பரமங்கனேற்று நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிய பின்னரே தொட்டியில் இடுகிறேன்.

மன்னாரிலிருந்து:

கல் அடுக்குபவர்கள் என் இழப்பையும் அறியவேண்டும். மணலைப் பரப்பி அதன்மேல் கற்களை அடுக்கியிருந்தேன். மலாவி மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டுபவை. ஓர் இரவில் அடிமணல் சரிந்து குவியல் விழுந்ததில், வாயில் முட்டைகளோடு இருந்த பெண் மீன் நசுங்கி இறந்தது. இப்போது தொட்டியின் அடியில் ரெஜிபோம் என்னும் மெல்லிய வெண்ணுரைத் தகடு போட்டு, அதன்மேல் பெரிய கற்களை அசையாமல் பொருத்திய பிறகே மணலை இடுகிறேன்.

கல்லில் சில துளி வினாகிரி விட்டு நுரைக்கிறதா என்றும் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், நீரின் கடினத்தை அது மேலும் கூட்டும். மலாவி மீன்களுக்கு அதனால் தீங்கில்லை. மென்னீரை விரும்பும் ஏஞ்சல் மீன்களுக்கு அது ஆகாது, அவற்றுக்குக் கருங்கல்லே ஏற்றது. கடற்கரைப் பவளப்பாறையை எடுத்துவராதீர்கள். அதை உடைத்தெடுப்பது சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது.

கிளிநொச்சி அண்ணாவிடம் ஒரு கேள்வி: சண்டை எழும்போதெல்லாம் கற்களை மாற்றி அடுக்குவது சரியா?

கிளிநொச்சியிலிருந்து:

வேண்டாம், தம்பி. புதிய மீனை விடும் நாளில் மட்டும் நான் மாற்றுகிறேன். பெண் மீன் ஏறத்தாழ மூன்று வாரம் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்திருக்கும். அந்த நாட்களில் கற்களைக் கலைத்தால் மிரண்டு துப்பிவிடக்கூடும். இடையில் சண்டை கூடினால், எந்த இரண்டு மீன்கள் ஒன்றையொன்று எங்கிருந்து பார்க்கின்றன என்று அரைமணி நேரம் அமைதியாக இருந்து கவனித்து, அந்த இடைவெளியில் ஒரு கல்லையோ செடி கட்டிய கல்லையோ மட்டும் வைத்துப் பாருங்கள்.