நம்ம குடும்பம் (ரங்கூன் – பெகு – தட்டோன்)

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். போன மழைக்காலத்துல கதிருக்கு டெங்கு வந்தப்ப, குணமானா சைட்டியோ தங்கப்பாறை மலைக்கு அவனை நடத்தியே கூட்டிட்டு வர்றேன்னு வேண்டிக்கிட்டேன். கிறிஸ்மஸ் லீவுல முடிச்சிடலாம்னு இருக்கேன். யார் யார் வர்றீங்க?

தட்டோன் அத்தை: ஆறு வயசுப் பிள்ளையா 😳 நடந்தா

ரவி: லாரி போகுதே அக்கா

செல்வி: நடந்துன்னுதான் வேண்டிக்கிட்டேன் ரவி

மாலா சித்தி: டாக்டர்கிட்ட கேட்டியாடி

செல்வி: கேட்டேன் சித்தி, நடக்கலாம்னாரு. சாயங்காலம் ஷ்வேடகோன் பகோடா படியில ஏத்தி இறக்கிப் பழக்குறேன். கடைசிப் படி வந்ததும் தூக்குன்னு கைய நீட்டுறான்

பெகு பெரியப்பா: செல்வி, நிதானமாப் படி. மலையடிவாரத்துக் கின்பூன்லேர்ந்து மேல ஏழு மைல், 11 கிலோமீட்டர். உச்சி கிட்டத்தட்ட 1,100 மீட்டர். பெரியவங்களுக்கே நாலஞ்சு மணி நேரம் ஆகும், பிள்ளையோட இன்னும் கூட. இருட்டோட டார்ச் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடணும், வெயில் ஏறிட்டா அவன் தாங்க மாட்டான். பிள்ளைங்க எடுத்த எடுப்புல ஓடும், அப்புறம் பொத்துனு உக்காந்துரும். ஓட விடாதே. அவன் நடைக்குத்தான் நாம நடக்கணும்.

சின்ன மாமா: புது ஷூ வேணாம். கால் நகம் வெட்டி விடு

மாலா சித்தி: தீமிதிக்கு எடுத்த பெரிய அண்டா யார் வீட்ல இருக்கு?

தட்டோன் அத்தை: என்கிட்ட இல்ல

பெகு பெரியப்பா: இன்னும் முடிக்கல. செங்குத்தா ஏறுற இடத்துல நீ அவனுக்குப் பின்னாடி வரணும், சறுக்குனா கையில விழுவான். தாகம்னு கேக்குற வரைக்கும் காத்திருக்காம அப்பப்ப ரெண்டு மடக்குத் தண்ணி குடு. வழி நெடுக மூங்கில் துப்பாக்கி விப்பாங்க. உச்சிக்குப் போனதும் வாங்கித் தர்றேன்னு சொல்லு, அந்த ஆசையில நடப்பான். மேல காத்து ஜில்லுனு இருக்கும், வேர்வையோட நிக்க விடாம பனியன மாத்து. இறங்குறதுக்கு லாரிதான். அலுத்த காலோட இறக்கத்துலதான் பிள்ளைங்க விழும்.

ரவி: அத்தைய கூடைக்காரர் முதுகுல தூக்கிட்டுப் போனாரே 😂

தட்டோன் அத்தை: என்னையில்ல, என் பையத்தான்டா தூக்குனாரு

செல்வி: கூடையில உக்கார வச்சா வேண்டுதல் என்ன ஆகும் அத்தை

தட்டோன் அத்தை: முடிஞ்ச மட்டும் நடக்கட்டும். பச்சப்புள்ளகிட்ட சாமி மைல் கணக்கா கேக்கும்?

செல்வி: இன்னொண்ணு. பாறையத் தொடப் பொம்பளைங்கள விடமாட்டாங்க. தங்க ரேக்கு ஒட்ட ஆம்பளை யாராவதுதான் அவனைக் கூட்டிட்டுப் போகணும். அவங்க அப்பா மலேசியாவுல

ரவி: எனக்கு டியூட்டி

பெகு பெரியப்பா: நான் இருக்கேன்ல

சின்ன மாமா: நான் கூட்டிட்டுப் போறேன்னு நேத்தே செல்விகிட்ட சொல்லிட்டேன்

பெகு பெரியப்பா: என்கிட்ட யாரும் சொல்லல. கல்யாணப் பத்திரிகையிலயும் என் பேரு விட்டுப்போச்சு.

மாலா சித்தி: அத்தான், அந்தப் பொண்ணுக்கே இப்ப ரெண்டு பிள்ளை. விடுங்க

சின்ன மாமா: அச்சகத்துல விட்டது. எத்தனை தடவ சொல்றது

கதிர் அப்பா: ரெண்டு பேருமே வாங்க, அவனுக்கு ரெண்டு பேரும் வேணும். வேன் காசு நான் அனுப்புறேன்

சின்ன மாமா: காசு கிடக்கட்டும் மாப்பிள்ளை

செல்வி: சனியா ஞாயிறா? வேன்காரர் கேக்குறார்

தட்டோன் அத்தை: ஞாயிறு கூட்டம் நெரியும். நான் கின்பூனுக்கே வந்துர்றேன், இட்லி கொண்டு வர்றேன்

மாலா சித்தி: சனி எனக்கு விரதம்

ரவி: டியூட்டி மாத்த முடியுமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்

பெகு பெரியப்பா: முந்தின ராத்திரியே போய்த் தங்கினாத்தான் இருட்டோட ஏற முடியும். ரூம் யார் சொல்றது?

சின்ன மாமா: நான் சொல்லிர்றேன்

பெகு பெரியப்பா: எனக்குத் தனி ரூம்.