டெபாசிஷன்: படிதலா, வாக்குமூலமா?

வணக்கம். 'டெபாசிஷன்' (deposition) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கீழே வைப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்ததால் ஆங்கிலத்தில் அது ஆற்றில் வண்டல் தங்குவதற்கும் போகிறது, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கும் போகிறது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அறிவியலுக்குப் 'படி' என்ற வினையே போதும். ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல் வெண்மை தெரியும். காற்றிலிருந்த நீராவி, நீராகாமலே நேரே உறைபனியானது அது. திடப்பொருள் நீர்மமாகாமல் நேரே ஆவியாகும் பதங்கமாதலுக்கு எதிர்ச்செயல். தானே நிகழ்வதால் 'படிதல்'. காவிரி சுமந்து வரும் வண்டல் டெல்டாவில் தங்குவதும் படிதல்தான். தங்கிக் கிடக்கும் வண்டல் 'படிவு'. ஆனால் கணினிச் சில்லு செய்யும் ஆலையில் வாயுக்களை வினைபுரிய விட்டு சிலிக்கான் தகட்டின் மேல் மெல்லிய படலம் ஏற்றுகிறார்களே, அது மனிதர் செய்விப்பது. அங்கே 'படிவித்தல்'. தன்வினை, பிறவினை என்று பிரித்துச் சொல்லும் வசதி கையிலிருக்க, அதை ஏன் விட வேண்டும்? ஒன்று மட்டும்: 'படிவம்' வேண்டாம், விண்ணப்பப் படிவம்தான் நினைவுக்கு வரும்.

சரி, நீதிமன்றம். அங்கே டெபாசிஷனை 'வாக்குமூலம்' எனலாம் என்று சிலர் பரிந்துரைப்பதில்தான் எனக்குத் தயக்கம். போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதிக்கொள்வதையும் வாக்குமூலம் என்றே சொல்கிறோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 180. அதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது, சொன்னவரிடம் கையெழுத்தும் வாங்கக் கூடாது. கூண்டில் ஏறி, உறுதிமொழி எடுத்து, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை என்று பதிவாவது வேறு. அதற்கு நம் நீதிமன்றங்களில் புழங்கும் 'சாட்சியம்' இருக்கவே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், போலீசிடம் சொன்னதற்கும் கூண்டில் சொன்னதற்கும் முரண் இருப்பதாக எழுத வரும்போது வாக்கியமே குழம்பிவிடும்.

அமெரிக்க வழக்கம் தனி. அங்கே உரிமையியல் வழக்குகளில் நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே, பெரும்பாலும் வக்கீல் அலுவலகத்தில், நீதிபதி இல்லாமல், உறுதிமொழி வாங்கிக்கொண்டு சாட்சியைக் கேள்வி கேட்கிறார்கள். கூட்டாட்சி நீதிமன்ற விதி 30இன்படி பொதுவாக ஒரே நாள், 7 மணி நேரம். இதை வெறும் 'சாட்சியம்' என்றால் நம் வாசகர் கூண்டைத்தான் கற்பனை செய்வார். 'முன்சாட்சியம்' என்று வைத்தால் என்ன? 'முன்ஜாமீன்' பழகிய காதுக்கு உடனே பிடிபடும். 'முன்பு ஒருமுறை அளித்த சாட்சியம்' என்று யாரும் படித்துவிடுவார்களோ என்பதுதான் என் ஒரே கவலை. வழக்காடும் நண்பர்கள் சொல்லுங்கள்.